சிவப்பு மை படாத பக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிய வருஷங்களைக் கூட்டினால் இருபதுக்கு மேல் வரும். இரண்டு தடவை எழுத உட்கார்ந்து முதல் தாளிலேயே எழுந்துவிட்டேன். மூன்றாம் பாரம் வரை படித்தவனுக்கு எழுத்து எப்படி வரும் என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. இதில் நான் நல்லவனாக வரமாட்டேன். என் தங்கை இன்னும் உயிரோடு இருக்கிறாள். போன தவக்காலத்தில் அவளே, "எழுது அண்ணே, ஆனா யார் பேரும் வாணாம்" என்றாள். அதனால்தான் சர்வேசுரனை வேண்டிக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் கடலோரமாக, பெரிய மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்தக் கோயில் பங்குதான். நான் தபாலாபீசில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். விடியற்காலையில் போனால் மத்தியானம் திரும்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கவர் மேல் இருக்கிற இங்கிலீஷ்தான். மிஸ்டர் இன்னார், இன்ன வீதி, ஆழ்வார்பேட்டை, அடையாறு. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும். ஒருவர் ஒன்றைச் செய்தார் என்று சொல்கிற வாக்கியம் அதில் ஒன்றுகூடக் கிடையாது.

தங்கை எனக்கு ஒன்பது வயது இளையவள். கப்பல் வேலைக்குப் போன அவள் புருஷன் யுத்தத்தில் திரும்பி வரவில்லை. பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கலியாணத்துக்கு முன் கான்வென்டில் ஆறாம் பாரம் வரை படித்து, எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் விட்டவள் அவள். அவள் எங்களிடம் வந்தபின், அங்கிருந்த மதர் அவளைக் கூப்பிட்டு, "இங்கிலீஷை மறுபடி எழுதித் தேறிவிட்டு வா. டீச்சர் டிரெய்னிங்கில் உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வயது தாண்டினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. ஆக, ஒரே ஒரு பரீட்சைதான் அவளுக்கு மிச்சம். தேறினால் டீச்சர். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படி.

அந்தக் காலத்து இங்கிலீஷ் பரீட்சையில் அனாலிசிஸ் என்று ஒரு பகுதி வரும். நீளமான ஒரு வாக்கியத்தையோ பாட்டில் நாலைந்து வரியையோ கொடுப்பார்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, கட்டம் போட்டு, முக்கிய வாக்கியம் எது, அதைப் பிடித்துத் தொங்குகிற வாக்கியங்கள் எவை, செய்கிறவர் யார், செய்தது என்ன என்று எழுதவேண்டும். தங்கை முன்னே தவறியது அதில்தான். பழகிப் பார்க்க வீட்டில் புத்தகம் இல்லை. இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகம் கோயில் பாட்டுப் புத்தகம். அதையே எடுத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுப்பேன். அவள் ஒவ்வொரு பாட்டாகப் பிரித்து எழுதுவாள்.

என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"இன்னாடி இது, பாட்டைப் போய் மீன் அரியற மாதிரி அரிஞ்சிக்கினு கீறே? மாதா கோவிச்சுக்கப் போறாங்க."

"அரிஞ்சாத்தானே அண்ணி முள்ளு எங்க கீதுன்னு தெரியும்."

"அப்போ உங்க அண்ணனுக்கு முள்ளை எடுத்துட்டுக் குடு. போன ஞாயித்துக்கிழமை பூசையில தொண்டையில மாட்டிக்கின மாதிரிதான் பாடினாரு."

மாலை ஆராதனையில் நாங்கள் பாடுகிற ஓர் இங்கிலீஷ் பாட்டு உண்டு. ஆறு வரி. சிறு வயதிலிருந்து பாடி வந்தேன். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. இரண்டாம் வரியில் குரல் உச்சிக்குப் போகும். அதனால் அதுதான் பாட்டின் உயிர் என்று நினைத்திருந்தேன். கடைசி வரியில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், வாய்க்குள் முனகிவிட்டு உட்காருவோம். தங்கை அதைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு அண்ணே. காத்து அடிச்சாலும், விளக்கு அணைஞ்சாலும், வழி தப்பினாலும்... அஞ்சு வரியும் இப்படியே போவுது. எதுவும் தனியா நிக்காது. கடைசி வரியில மூணே இங்கிலீஷ் வார்த்தைதான் முக்கிய வாக்கியம். தமிழ்ல சொன்னா, கையை விடாதேயும். பாடறவன் கேக்கறதே அவ்வளவுதான்."

"அப்போ காத்து அடிக்கக்கூடாதுன்னு கேக்கலியா?"

"கேக்கலியே. காத்து அடிக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சுதான் கீது."

சொல்லிவிட்டு அவள் பென்சிலைச் சீவ உட்கார்ந்தாள். புருஷன் போனதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கடைசி வரியை நான் முழு மூச்சோடு பாடினேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுதியது சரியா தப்பா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் மாடவீதி ஒன்றில் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். அய்யர். பையன்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு எடுக்கிறவர். ரிஜிஸ்டர் தபால் போட எங்கள் ஆபீசுக்கு வருவார். ஒரு நாள் துணிந்து கேட்டேன். "கொண்டு வாரும் ஓய், பார்த்துத் தரேன்" என்றார். அதற்காக ஒன்றும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. தங்கை தாலி இழந்து வருஷம் திரும்பாதவள். கோயிலைத் தவிர எங்கும் போகமாட்டாள். அதனால் சனிக்கிழமைதோறும் நோட்டை எடுத்துக்கொண்டு போவதும் வருவதும் நான்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். தப்பு இருந்தால் சிவப்பு மையால் எழுதுவார். சரியாக இருந்தால் ஒரு கோடுகூடப் போடமாட்டார், வாயால் சொல்லுவார். ஏன் சார் என்று ஒரு தடவை கேட்டேன்.

"நன்னா இருக்குன்னு மையால எழுதி வெச்சா, பசங்க அதையே பார்த்துண்டு உட்கார்ந்துடுவா. காதால கேட்டாப் போறும்."

ஆகையால் சிவப்பு மை நோட்டில் வரும். நல்ல வார்த்தை என் வாயில் வரும். நான் தெருமுனை திரும்பும்போதே தங்கை வாசற்படியில் நிற்பாள். நோட்டை வாங்குமுன், "சார் இன்னா சொன்னாரு?" என்பாள். மூன்று மாசம் அவர் சொன்னதை எல்லாம் அப்படியே கொண்டுவந்து சேர்த்தேன்.

இனி ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் எந்தத் தாளில் எதை எழுதினாலும் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, அதன் கீழ் சே.ம.சூ. என்று எழுதுவோம். சேசு, மரி, சூசை. கடிதமானாலும் சரி, சலவைக்குப் போட்ட துணிக்கணக்கானாலும் சரி, அது இல்லாமல் எழுதத் தொடங்கமாட்டோம். தங்கையின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அது இருந்தது.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை. அந்த வாரம் அனாலிசிஸோடு ஒரு கட்டுரையும் எழுதியிருந்தாள். எங்கள் தெருவுக்கு அந்தப்புறம் மீனவர் குப்பம். கட்டுமரம் திரும்பும் நேரத்தில் பொம்பளைகள் கூடையோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம். வாத்தியார் ரேழியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். பேனா மூடியைத் திருகி மூடினார்.

"ஓய், இதை அப்படியே உம்ம தங்கை கிட்டச் சொல்லும். இந்தக் கட்டுரையில நான் தொட ஒண்ணும் இல்லே. சின்னச் சின்ன வாக்கியம். ஒரு எடத்துலயும் அழலே. படிக்கிறவாளையும் அந்த மணல்ல உட்கார்த்தி வெச்சுட்டா. இருபது வருஷமா கட்டுரை திருத்தறேன், எனக்கு இப்படி எழுத வராது. இவ டீச்சராகணும்."

நான் எழுந்து கும்பிட்டேன். அவர் நோட்டைக் கொடுக்கப் போனவர், மேலே இருந்த குறியை விரலால் தொட்டார்.

"இது மட்டும் பரீட்சைப் பேப்பர்ல வேண்டாம். நம்பரைத் தவிர எந்த அடையாளமும் கூடாது. பேப்பரையே தள்ளிடுவா. மறக்காம சொல்லிடும். எங்காத்துப் பசங்க மட்டும் என்ன, பிள்ளையார் சுழி போடாம பேனாவைத் தொடமாட்டா. பரீட்சைன்னா மை தொடாம வெறும் விரலால போட்டுக்கோங்கோடான்னு சொல்லியிருக்கேன். சுவாமிக்கு மை வேணுமா ஓய்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தன் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு அது ஏறவில்லை. சேசுவின் பெயரை எடுத்துவிடு என்று வேறு மதத்தார் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார் என்பது மட்டும் காதில் விழுந்தது. குளத்தைச் சுற்றி நடந்து வருகிற வழி முழுக்க நெஞ்சு கொதித்தது. இவர் யார் சொல்ல, இவர் யார் சொல்ல என்று அதே பேச்சு. அந்தக் கோபத்தில், அவர் சொன்ன எதையும் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அதைப் பக்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

தங்கை வாசற்படியில் நின்றாள்.

"சார் இன்னா சொன்னாரு அண்ணே?"

"ஒண்ணும் சொல்லல."

நோட்டைத் திருப்பினாள். அனாலிசிஸில் இரண்டு இடத்தில் சிவப்பு. கட்டுரைப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இதைப் படிச்சாரா?"

"தெரியல."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

பரீட்சை அன்று காலை பூசை கண்டு, சாமியார் கையால் நன்மை வாங்கிக்கொண்டு வந்தோம். புறப்படும்போது ஹால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, நம்பரைத் தவிர வேற அடையாளம் எதுவும் போடக்கூடாதுன்னு இதுல போட்டிருக்குது. சே.ம.சூ. போடலாமா, வாணாமா?"

சர்வேசுரன் எனக்கு இரண்டாவது தடவையாகக் கதவைத் திறந்து வைத்தார். நான் அதைச் சாத்தினேன்.

"ஆண்டவர் பேரு அடையாளமா? சிலுவை போட உனக்கு வெக்கமா கீதா? அப்படி இருந்தா போடாதே போ."

"போற நேரத்துல ஏன் அவளைக் கலங்கடிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"வெக்கம் இல்ல அண்ணே. போடறேன்" என்றாள் தங்கை.

சாயங்காலம் முகம் தெளிந்து வந்தாள். "பாட்டு குடுத்திருந்தாங்க அண்ணே. முக்கிய வாக்கியம் கடைசியில ஒளிஞ்சிக்கினு இருந்தது. பார்த்த உடனே பிடிச்சிட்டேன்." பிறகு, "கட்டுரைக்கு, தெரிஞ்ச ஒரு இடத்தைப் பத்தி எழுதச் சொன்னாங்க. கடலோரத்தை எழுதலாம்னு பேனா வரைக்கும் வந்தது. அதான் சார் திரும்பிக்கூடப் பார்க்கலியே. நெட்டுருப் போட்ட திருவிழாக் கட்டுரையை எழுதிட்டேன்" என்றாள். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் தம்ளரைத் தங்கை பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தேன்.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலை, நான் பிரிக்கிற கட்டில் பழுப்பு நிறக் கவர் ஒன்று வந்தது. தங்கை பெயர். எங்கள் தெருத் தபால்காரர் கட்டில் அதைப் போட்டுவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, அவர் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன். தங்கை பிரித்துப் படித்தாள். என்னிடம் நீட்டினாள். ஒரே ஒரு நீள வாக்கியம். மூன்று மாசம் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் போட்டவன் அல்லவா, அதில் முக்கியமானது எது என்று எனக்கே தெரிந்தது. விடைத்தாளில் அடையாளக் குறி இருந்தபடியால் இங்கிலீஷ் தாள் ரத்து.

"நாந்தானே எழுதினேன். நீ ஏன் அழுவுறே அண்ணே?" என்றாள்.

அந்த இடத்தை மதர் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். அவர் மேல் குற்றம் இல்லை. அடுத்த பரீட்சை வருமுன் தங்கைக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. கான்வென்ட் போர்டிங்கில் சின்னப் பெண்களுக்குத் தலை வாரிவிடவும், கிழிசல் தைக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தாள். அங்கேயே தங்கிவிட்டாள்.

வாத்தியார் ஒரு நாள் கவுண்டரில் என்னைப் பார்த்தார்.

"உம்ம தங்கை என்ன ஆனா?"

"தேறல சார்."

"அதை எழுதினவளா தேறலே? நான் சொன்னதைச் சொன்னீரோல்லியோ?"

"சொன்னேன் சார்."

அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வருவதைக் கண்டால் நான் உள் அறைக்குப் போய்விடுவேன்.

அப்படியே ஐந்து வருஷம் போனது. சுதந்திரம் வந்த மறு வருஷம், அவருக்கு வந்த கடிதம் ஒன்று பட்டுவாடா ஆகாமல் திரும்பி வந்தது. விலாசதாரர் காலமானார் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கடிதம் பிரிக்கிற பெட்டியில் எந்த அறையில் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் சொல்லி அனுப்பியதை இனி அவரிடம் போய் யாரும் கேட்க முடியாது. அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். மறைக்காமல் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, "பாவத்துக்கு மன்னிப்பு இங்கே உண்டு. சேதியை இங்கே சொல்லி என்ன பிரயோசனம்? யாருக்கு வந்ததோ அவளிடம் போய்ச் சொல்லு" என்றார். அதையே அபராதமாகவும் கொடுத்தார்.

மறுநாள் பூசை முடிந்து போர்டிங்குக்குப் போனேன். தங்கை முற்றத்தில் ஒரு கொசுவலையை விரித்து ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குறியைப் போடாதே என்று அவர் எச்சரித்ததை முதலில் சொன்னேன்; என் கணக்கில் பெரிய பாவம் அதுதான். அவள் ஊசியை நிறுத்தவில்லை. பிறகு கட்டுரையைப் பற்றி அவர் சொன்னதைச் சொன்னேன். ஊசி நின்றது.

"மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"அவர் சொன்ன மாதிரியே சொல்லு. உன் வார்த்தையைப் போடாதே."

தொட ஒண்ணும் இல்லே என்றதிலிருந்து டீச்சராகணும் என்றது வரைக்கும் அவர் பேச்சிலேயே சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். கடிதம் வந்த அன்று அழாதவள்.

"பரீட்சை போனது போவட்டும் அண்ணே. அந்தக் குறியை நாந்தான் போட்டேன், ஹால் டிக்கெட்டுல படிச்சிட்டுத்தான் போட்டேன். ஆனா இத்தினி வருஷமா, அந்தப் பக்கத்தை அவர் படிக்கவே இல்லைன்னு நினைச்சுக்கினு இருந்தேனே. படிக்கக்கூட லாயக்கு இல்லைன்னு நினைச்சேனே. இதையாவது சொல்லியிருக்கலாமே."

 

அந்த நோட்டு எங்கே என்று கேட்டேன். எடுத்துத் திருத்தமாக எழுதி வைக்கலாமே என்று ஏதோ உளறினேன். போர்டிங்குக்கு வந்த வருஷமே கிழித்து, ஈரம் ஏறாமல் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டாளாம். மழையில் ஊறி மக்கிப் போய்விட்டது. கட்டுரையில் ஒரு வரிகூட அவளுக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவும் இல்லை.

அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கியது. அந்த நாற்பது நாளும் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவி இரண்டு தரம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பிறகு தானாக வந்தாள். சாப்பிட்டாள். புறப்படும்போது, "சார் சொன்னதை மறந்துடாதே அண்ணே. எனக்கு வயசானா மறந்துபோவும், நீ ஞாபகம் வச்சிக்கோ" என்றாள். அதன்பின் பல வருஷம், அவள் கேட்கும்போதெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. ராத்திரி செபத்தில் மந்திரங்களே தடுமாறுகின்றன. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களைக் கும்பிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டில், பங்கில், பிள்ளைகளிடத்தில் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சேசுவின் பெயர் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று யாரும் சொல்லவேண்டாம், கெடுத்தவன் நான். சட்டம் போட்டவர்களைத் திட்டவேண்டாம். என் தங்கையைப் புனிதவதி ஆக்கவேண்டாம். ஒரு தவக்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பிற்பாடு மனம் திரும்பினான் என்று என்னையும் தூக்கி வைக்கவேண்டாம். முக்கியமாக, கட்டுரையைப் பற்றியும் குறியைப் பற்றியும் அந்த வாத்தியார் சொன்ன இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மேலே எழுதியிருக்கிறபடியே, அவர் பேச்சிலேயே சொல்லுங்கள்.